ஆஃபர் லெட்டரில் ஈசாப் 24 லட்சம்: அது எப்போது பணமாகும், எப்போது ஆகாது

ஒரு ஸ்டார்ட்அப்பில் வேலை கிடைக்கிறது. ஆஃபர் லெட்டரில் சம்பளம் 18 லட்சம், ஈசாப் (ஊழியர்களுக்குக் கொடுக்கும் பங்கு வாங்கும் உரிமை) 24 லட்சம், ஆக மொத்தம் 42 லட்சம் என்று போட்டிருக்கிறார்கள். வீட்டில் 42 என்றுதான் சொல்வோம், ஹெச்ஆரும் போனில் 42 என்றுதான் சொல்வார், பழைய கம்பெனியில் பேப்பர் போடும்போதும் அந்த 42-தான் மனதில் ஓடும். ஆனால் வங்கிக் கணக்கில் மாதா மாதம் வந்து விழப்போவது 18-க்கான பணம் மட்டும்தான். மீதி 24 எங்கே இருக்கிறது, எப்போது வரும், வருமா என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2024 நவம்பரில் ஸ்விக்கி பங்குச் சந்தைக்கு வந்தது. 2025 செப்டம்பரில் அர்பன் கம்பெனி, நவம்பரில் லென்ஸ்கார்ட்டும் குரோவும், டிசம்பரில் மீஷோ என வரிசையாக வந்தன. ஒவ்வொரு முறையும் 'ஊழியர்கள் கோடீஸ்வரர் ஆனார்கள்' என்று ஒரு செய்தி வரும், அந்த வாரம் முழுக்க ஐடி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அதே பேச்சுதான். செய்தி பொய் இல்லை. ஆனால் அதே காலத்தில் ஈசாப் வெறும் காகிதமாகிப் போனவர்கள் எத்தனையோ பேர், அவர்களைப் பற்றித் தலைப்புச் செய்தி வருவதில்லை.

சரி, முதலில் அடிப்படை. ஈசாப் கையில் இருக்கிறது என்றால் பங்கு கையில் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இன்றைக்கே முடிவு செய்த ஒரு விலையில், பிறகு ஒரு நாள் நிறுவனத்தின் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமைதான் உங்களிடம் இருக்கிறது. வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு பங்கை வாங்கும் உரிமைக்கு ஒரு ஆப்ஷன் என்று பெயர். முன்பே முடிவு செய்த அந்த விலைக்கு ஸ்ட்ரைக் விலை அல்லது எக்சர்சைஸ் விலை என்று பெயர்.

கணக்குக்காக ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம், கடைசி வரை இதே எண்களை வைத்தே பேசலாம். நிறுவனத்தில் மொத்தம் 1 கோடி பங்குகள். கடைசியாகப் பணம் திரட்டியபோது நிறுவனத்தின் மதிப்பு 500 கோடி ரூபாய் என்று பேசப்பட்டது, அதாவது ஒரு பங்கு 500 ரூபாய். உங்களுக்கு 4,800 ஆப்ஷன்கள், ஸ்ட்ரைக் விலை 10 ரூபாய். 4,800-ஐ 500-ஆல் பெருக்கினால் 24 லட்சம். ஆஃபர் லெட்டரில் இருக்கும் எண் இப்படித்தான் வந்தது. கறாராகப் பார்த்தால் நீங்கள் கட்ட வேண்டிய 10 ரூபாயைக் கழித்துவிட்டு 23,52,000 என்று போட்டிருக்க வேண்டும், அந்த அளவுக்கு யாரும் மெனக்கெடுவதில்லை.

இந்தியாவில் பதிவான நிறுவனங்கள் பல, ஸ்ட்ரைக் விலையை 1 ரூபாய், 10 ரூபாய் என்று முக மதிப்பிலேயே வைத்துவிடும். அமெரிக்காவில் பதிவான நிறுவனமாக இருந்தால் கதை வேறு. அங்கே வரிச் சட்டத்தின் காரணமாக, கொடுக்கும் நாளின் நியாயமான சந்தை மதிப்புக்குக் குறையாமல்தான் ஸ்ட்ரைக் விலையை வைப்பார்கள். அதனால் 5 டாலர் மதிப்புள்ள பங்குக்கு 5 டாலர் ஸ்ட்ரைக் விலை என்று கொடுத்தால், இன்றைய தேதியில் உங்கள் லாபம் பூஜ்யம். இனிமேல் ஏறினால் ஏறிய அளவுதான் உங்களுக்கு. இந்த வித்தியாசத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு ஆஃபர்களை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

ஆர்எஸ்யு என்று இன்னொன்று உண்டு. பெரிய அமெரிக்க நிறுவனங்கள் அதிகம் கொடுப்பது இதைத்தான். இதில் ஸ்ட்ரைக் விலை கிடையாது, காலம் வந்ததும் பங்கு நேரடியாகக் கணக்கில் ஏறிவிடும். நிறுவனம் பங்குச் சந்தையில் இருந்தால் மறுநாளே விற்கலாம், சம்பளத்தோடு சேர்த்து எண்ணினாலும் தப்பில்லை. இந்தக் கட்டுரையின் கவலையெல்லாம் சந்தைக்கு வராத நிறுவனங்களைப் பற்றித்தான்.

வெஸ்டிங்கும் அந்த ஒரு வருடமும்

4,800 ஆப்ஷனும் முதல் நாளே உங்களுடையவை ஆகிவிடாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உங்கள் பெயருக்கு உறுதியாகும், அதைத்தான் வெஸ்டிங் என்கிறார்கள். பரவலான ஏற்பாடு 4 வருடம். முதல் வருடம் முடியும் வரை ஒன்றுமே கிடையாது, அதற்குக் கிளிஃப் என்று பெயர். முடிந்த அன்று 1,200 ஆப்ஷன் மொத்தமாக உறுதியாகும், அப்புறம் மாதம் 100. இந்தியாவில் இந்த ஒரு வருடம் நிறுவனத்தின் விருப்பம் மட்டும் இல்லை, கொடுப்பதற்கும் வெஸ்ட் ஆவதற்கும் நடுவே குறைந்தது ஒரு வருடம் இருக்க வேண்டும் என்று கம்பெனிச் சட்ட விதியே சொல்கிறது. 11 மாதம் வேலை செய்துவிட்டு விலகினால், அல்லது விலக்கப்பட்டால், பூஜ்யம்.

எல்லோரும் சமமாகப் பிரித்துக் கொடுப்பதும் இல்லை. அமேசான் பல ஆண்டுகளாக 5, 15, 40, 40 சதவீதம் என்று பின்பக்கம் கனமாக வைத்துக் கொடுத்து வந்தது. 2 வருடத்தில் வேறு இடம் மாறும் பழக்கமுள்ளவருக்கு அதில் ஐந்தில் ஒரு பங்குதான் கைக்கு வரும். மொத்தத் தொகை எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அட்டவணையைப் பார்க்காமல் சந்தோஷப்படாதீர்கள்.

கிளிஃப் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2025 ஜூலையில் நடந்த ஒரு சம்பவம் போதும். விண்ட்சர்ஃப் என்று கலிபோர்னியாவில் ஒரு நிறுவனம், நிரல் எழுத உதவும் செயற்கை நுண்ணறிவுக் கருவி செய்பவர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ அதைச் சுமார் 300 கோடி டாலருக்கு வாங்கப்போகிறது என்று மே மாதத்தில் பேச்சு அடிபட்டது. அது கைகூடவில்லை. ஜூலை 11, வெள்ளிக்கிழமை, வேறொரு அறிவிப்பு வந்தது. நிறுவனத்தின் தலைவர் வருண் மோகனும் ஆராய்ச்சிக் குழுவில் சிலரும் கூகுளுக்குப் போகிறார்கள், தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தும் உரிமம் உள்பட கூகுள் கொடுக்கும் தொகை சுமார் 240 கோடி டாலர். கவனியுங்கள், கூகுள் நிறுவனத்தை வாங்கவில்லை, அதில் ஒரு பங்கைக்கூட வாங்கவில்லை. ஆளை எடுத்துக்கொண்டு உரிமத்துக்குப் பணம் கொடுத்தது. மீதி இருந்த 200 பேருக்கு மேற்பட்டவர்கள் தலைவர் இல்லாத நிறுவனத்தில் உட்கார்ந்திருந்தார்கள், அதிலும் சேர்ந்து ஒரு வருடம் ஆகாதவர்களுக்கு அந்தப் பணத்தில் ஒன்றும் வராது என்று செய்திகள் வந்தன.

சனி, ஞாயிறு போய் திங்கட்கிழமை காலையில் காக்னிஷன் என்ற இன்னொரு ஸ்டார்ட்அப் மீதியிருந்த விண்ட்சர்ஃபை வாங்குவதாக அறிவித்தது. எல்லா ஊழியர்களுக்கும் இதில் பணப்பங்கு உண்டு, கிளிஃபைத் தள்ளுபடி செய்கிறோம், அதுவரையிலான உழைப்புக்கான வெஸ்டிங்கை முழுசாக முன்கூட்டியே தருகிறோம் என்றும் சொன்னார்கள். நல்ல முடிவுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்த வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே ஊழியர்கள் பக்கம் எதுவுமே மாறவில்லை. அவர்கள் எழுதிய நிரலும் அதேதான், கையெழுத்துப் போட்ட காகிதமும் அதேதான். மேலே யார் என்ன பேசி முடித்தார்கள் என்பதுதான் மாறியது.

இப்படி நிறுவனத்தை விட்டுவிட்டு ஆளை மட்டும் தூக்குவது செயற்கை நுண்ணறிவுத் துறையில் இப்போது வழக்கமாகி வருகிறது. 2024 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் இன்ஃப்ளெக்‌ஷன் நிறுவனத்திலிருந்து தலைவரையும் பெரும்பாலான ஆட்களையும் எடுத்துக்கொண்டது, அதே ஆண்டு ஆகஸ்டில் கூகுள் கேரக்டர் ஏஐ நிறுவனர்களை எடுத்தது. நேரடியாக வாங்கினால் போட்டிச் சட்டத்தின் விசாரணை, அனுமதி என்று மாதக்கணக்கில் இழுக்கும் என்பது ஒரு முக்கியக் காரணம். ஊழியரின் பார்வையில் பிரச்சினை இதுதான்: உங்கள் ஈசாப் ஒப்பந்தத்தில் 'நிறுவனம் விற்கப்பட்டால்' என்று எழுதியிருக்கும். நிறுவனம் விற்கப்படவே இல்லையென்றால்?

கைக்கு வராத பணத்துக்கு வரி

வெஸ்ட் ஆனது. இனி எக்சர்சைஸ் செய்ய வேண்டும், அதாவது ஸ்ட்ரைக் விலையைக் கட்டி ஆப்ஷனைப் பங்காக மாற்ற வேண்டும். நம் உதாரணத்தில் 2 வருடம் கழித்து உங்களிடம் 2,400 ஆப்ஷன் இருக்கும், கட்ட வேண்டியது 24,000 ரூபாய். இது பெரிய தொகை இல்லை. ஆனால் வருமான வரிச் சட்டத்தின் கண்ணுக்கு, 500 ரூபாய் பொருளை 10 ரூபாய்க்கு முதலாளி உங்களுக்குக் கொடுத்திருக்கிறார், ஆக மீதி 490 ரூபாயும் உங்கள் சம்பளம். 2,400 பங்குக்கு 11,76,000 ரூபாய். 30 சதவீத வரம்பில் இருப்பவர் செஸ்ஸோடு சேர்த்துக் கட்ட வேண்டிய வரி சுமார் 3 லட்சத்து 67 ஆயிரம்.

பங்கை விற்றிருந்தால் அதில் எடுத்துக் கட்டலாம். சந்தையில் இல்லாத நிறுவனத்தின் பங்கை யாரிடம் விற்பது? விற்க முடியாத ஒன்றுக்கு, மெர்ச்சன்ட் பேங்கர் எனப்படும் நிதி மதிப்பீட்டாளர் ஒருவர் கணக்குப் போட்டுச் சொன்ன மதிப்பின் பேரில், உண்மையான ரூபாயில் வரி. நிறுவனம் இதை டிடிஎஸ்ஸாகப் பிடித்தாக வேண்டும் என்பதால், அந்த மாதச் சம்பளம் கிட்டத்தட்ட முழுசாகப் போய், மேற்கொண்டு நீங்கள் கையிலிருந்து கொடுக்க வேண்டிய நிலை வரும். பின்னால் பங்கின் விலை சரிந்தால் கட்டிய வரி திரும்ப வராது.

இதைக் கொஞ்சம் தளர்த்த 2020 பட்ஜெட்டில் ஒரு வழி செய்தார்கள். தகுதியுள்ள ஸ்டார்ட்அப்பாக இருந்தால் இந்த வரியைச் சுமார் 5 ஆண்டு தள்ளிப்போடலாம், நடுவே பங்கை விற்றாலோ வேலையை விட்டாலோ உடனே கட்ட வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஸ்டார்ட்அப் என்று அரசிடம் பதிவு செய்திருந்தால் மட்டும் போதாது, அமைச்சகங்களுக்கு இடையேயான வாரியம் ஒன்றின் தனிச் சான்றும் வேண்டும், பதிவு பெற்றவற்றில் மிகச் சிறு பகுதிக்குத்தான் அது இருக்கிறது. உங்கள் நிறுவனத்துக்கு இருக்கிறதா என்று நிதிப் பிரிவில் கேளுங்கள், ஹெச்ஆருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

விற்கும்போது இன்னொரு வரி, மூலதன ஆதாய வரி. எக்சர்சைஸ் செய்த நாளின் மதிப்பிலிருந்து விற்ற விலை வரை ஏறிய பகுதிக்கு மட்டும். சந்தைக்கு வராத பங்கை 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் 12.5 சதவீதம். இது நியாயமான வரி, புலம்ப ஒன்றுமில்லை.

'அப்போது எக்சர்சைஸ் செய்யாமலே வைத்திருந்து, ஐபிஓ (நிறுவனம் முதன்முறையாகப் பங்குச் சந்தைக்கு வருவது) வரும்போது செய்தால் என்ன?' என்று கேட்கலாம். செய்யலாம், அதுதான் புத்திசாலித்தனமும்கூட, நீங்கள் அங்கேயே வேலையில் இருக்கும் வரை. வேலையை விட்டதும் ஒரு கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். அமெரிக்க வழக்கப்படி 90 நாள், இந்திய நிறுவனங்களில் 30 நாளும் உண்டு, பல வருடமும் உண்டு, எல்லாம் அந்தந்தத் திட்டத்தில் எழுதியிருப்பதுதான். அதற்குள் பணத்தையும் வரியையும் கட்டிப் பங்காக மாற்றாவிட்டால், வெஸ்ட் ஆனவையும் சேர்ந்தே காலாவதி. 2015-இல் பின்டரஸ்ட், 2 வருடமாவது வேலை செய்தவர்களுக்கு இந்த அவகாசத்தை 7 வருடமாக்கியது, அதன்பின் சில நிறுவனங்கள் அதே வழியில் போயின. என்னைக் கேட்டால், ஒரு நிறுவனம் ஊழியரை உண்மையிலேயே பங்காளியாக நினைக்கிறதா என்று பார்க்க அவகாசம் பற்றிய இந்த ஒரு விதியைப் படித்தால் போதும். நிறுவனர் மேடையில் பேசுவதைக் கேட்க வேண்டாம்.

500 கோடி என்பது யார் சொன்ன மதிப்பு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். நம் கற்பனை நிறுவனத்தின் மதிப்பு 500 கோடி என்றேன். யாராவது 500 கோடி கொடுத்தார்களா? இல்லை. ஒரு முதலீட்டாளர் 50 கோடி கொடுத்து 10 சதவீதப் பங்கு வாங்கினார், 10 சதவீதம் 50 கோடி என்றால் 100 சதவீதம் 500 கோடி என்று பெருக்கிக்கொண்டார்கள். அவ்வளவுதான் வேல்யுவேஷன். 'யூனிகார்ன் ஆனது' என்று செய்தி வருவதும் இந்தப் பெருக்கலில் 100 கோடி டாலரைத் தாண்டியதைத்தான்.

ஆனால் அந்த முதலீட்டாளர் வாங்கிய பங்கும் உங்களுக்கு வரப்போகும் பங்கும் ஒன்றல்ல. அவருடையது முன்னுரிமைப் பங்கு, உங்களுடையது சாதாரணப் பங்கு. முன்னுரிமை என்றால், நிறுவனம் விற்கப்படும்போதோ மூடப்படும்போதோ அவர் போட்ட பணத்தை அவர் முதலில் எடுத்துக்கொள்வார். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் அவர்கள் உட்காருவார்கள், மிச்சமிருந்தால்தான் உங்கள் இலையில் விழும். இதற்கு லிக்விடேஷன் ப்ரிஃபரன்ஸ் என்று பெயர்.

எண்ணில் பார்ப்போம். நிறுவனம் இதுவரை மொத்தம் 150 கோடி திரட்டியிருக்கிறது, முதலீட்டாளர்கள் கையில் 40 சதவீதம். நிலைமை கொஞ்சம் சரியில்லாமல் போய், 200 கோடிக்கு ஒரு பெரிய நிறுவனம் வாங்கிக்கொள்கிறது. பத்திரிகையில் '200 கோடிக்கு விற்பனை' என்று நல்ல செய்தியாகத்தான் வரும். முதலீட்டாளருக்கு இரண்டு வழி: தன் 40 சதவீதத்துக்கு 80 கோடி எடுக்கலாம், அல்லது போட்ட 150 கோடியை அப்படியே எடுக்கலாம். எதை எடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை. மீதி 50 கோடி, மற்ற 60 லட்சம் பங்குகளுக்குப் பிரியும், பங்குக்கு 83 ரூபாய் சொச்சம். 10 ரூபாய் ஸ்ட்ரைக் விலை போக, உங்கள் 4,800 ஆப்ஷனும் வெஸ்ட் ஆகியிருந்தாலும் மொத்தம் மூன்றரை லட்சம். 24 லட்சம் மூன்றரை லட்சமானது இப்படித்தான், யாரும் ஏமாற்றவில்லை, எல்லாம் ஒப்பந்தப்படி. விலை 150 கோடியோ அதற்குக் குறைவாகவோ போயிருந்தால் உங்களுக்கு ஒன்றும் இல்லை. சில ஒப்பந்தங்களில் முதலீட்டாளர் போட்டதை எடுத்துக்கொண்டு, மிச்சத்திலும் பங்கு கேட்கலாம், அப்போது இன்னும் மோசம்.

கற்பனைக் கணக்கு என்று விட்டுவிடாதீர்கள். ஃபேன்டூயல் என்று ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 2009-இல் தொடங்கிய விளையாட்டுப் பந்தய நிறுவனம். 2018 மே மாதம் பேடி பவர் பெட்ஃபேர் என்ற நிறுவனத்தின் அமெரிக்கக் கிளையோடு அதை இணைத்தார்கள், ஃபேன்டூயலுக்குப் போட்ட மதிப்பு 46.5 கோடி டாலர். முதலீட்டாளர்களின் முன்னுரிமைத் தொகையோ 55.9 கோடி டாலர். மதிப்பைவிட முன்னுரிமை பெரியது, ஆகவே நிறுவனர்கள் உட்பட சாதாரணப் பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. நிறுவனர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். இதில் இன்னொரு கொடுமை, அதே மாதத்தில்தான் விளையாட்டுப் பந்தயத்துக்கு மாநிலங்கள் அனுமதி கொடுக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழி திறந்துவிட்டது, ஃபேன்டூயல் அதன்பின் பல மடங்கு வளர்ந்தது.

குட் டெக்னாலஜி கதை இதைவிட வயிற்றெரிச்சல். கலிபோர்னியா நிறுவனம், ஒரு காலத்தில் 110 கோடி டாலர் மதிப்பு. 2015-இல் பிளாக்பெர்ரி அதை 42.5 கோடி டாலருக்கு வாங்கியது. முன்னுரிமைப் பங்குக்கு 3 டாலர் அளவில் கிடைத்தது, ஊழியர்களின் சாதாரணப் பங்குக்கு 44 சென்ட். ஒரு வருடம் முன்பு அதே சாதாரணப் பங்கின் மதிப்பு 4 டாலர் 32 சென்ட் என்று சொல்லி, அந்தக் கணக்கில் ஊழியர்கள் பலர் வரி கட்டியிருந்தார்கள். கைக்கு வந்ததைவிடக் கட்டிய வரி அதிகம் என்ற நிலை சிலருக்கு.

நம் பக்கம் ஆன்லைன் கல்வி நிறுவனமான பைஜூஸ். 2022-இல் 2,200 கோடி டாலர் மதிப்பு என்று உலகமே பேசியது, 2024-இல் திவால் நடவடிக்கைக்குள் போனது, அந்த ஆண்டு அக்டோபரில் நிறுவனர் ரவீந்திரனே இன்றைய மதிப்பு பூஜ்யம் என்று ஒப்புக்கொண்டார். உச்சத்தில் இருந்தபோது ஆஃபர் லெட்டரில் பெருக்கிப் போட்ட எண்களை நம்பி வேலைக்குச் சேர்ந்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள்.

பணமாவது எப்போது

மூன்று வழிதான். நிறுவனம் சந்தைக்கு வர வேண்டும், அல்லது நல்ல விலைக்கு விற்கப்பட வேண்டும், அல்லது நிறுவனமோ புது முதலீட்டாளரோ ஊழியரிடமிருந்து பங்கை வாங்கிக்கொள்ள வேண்டும்.

முதல் வழிக்கு நம் ஊர் உதாரணம் ஃப்ரெஷ்வொர்க்ஸ். 2010-இல் சென்னையில் தொடங்கியது, 2021 செப்டம்பர் 22 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானது. வெளியீட்டு விலை 36 டாலர், முதல் நாள் முடிவில் 47 டாலருக்கு மேல். இந்தியாவில் 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர் ஆகியிருக்கிறார்கள், அதில் சுமார் 70 பேர் 30 வயதுக்குக் கீழ் என்று நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதம் சொன்னார். பெரிய படிப்பும் ஆங்கிலமும் இல்லாத வீடுகளிலிருந்து வந்தவர்களும் சென்னையில் உட்கார்ந்தே இதைப் பார்க்க முடிந்தது என்பது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் அடுத்த ஆண்டே அந்தப் பங்கு 15 டாலருக்கும் கீழே போனது. எப்போது விற்றார் என்பதைப் பொறுத்துத்தான் ஒருவர் கோடீஸ்வரரா இல்லையா என்பது.

சொமேட்டோ 2021 ஜூலையில் 76 ரூபாய்க்கு வந்தது, சரியாக ஒரு வருடத்தில் 50 ரூபாய்க்கும் கீழே இறங்கியது, பொறுத்திருந்தவர்கள் 2024-இல் அதே பங்கை 250 ரூபாய்க்கு மேல் பார்த்தார்கள். பேடிஎம் 2021 நவம்பரில் 2,150 ரூபாய்க்கு வந்து முதல் நாளே நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. அதிக ஸ்ட்ரைக் விலையில் ஆப்ஷன் வைத்திருப்பவருக்கு இப்படிப்பட்ட சரிவு என்றால் ஆப்ஷனே செல்லாக்காசு.

மூன்றாவது வழி இப்போது பெருகி வருகிறது. ஓபன்ஏஐ ஊழியர்கள் 2025 அக்டோபரில் 660 கோடி டாலருக்குத் தங்கள் பங்குகளை முதலீட்டாளர்களிடம் விற்றார்கள், நிறுவனத்தின் மதிப்பு 50,000 கோடி டாலர் என்ற கணக்கில். ஐபிஓ வேண்டியதில்லை, காத்திருக்க வேண்டியதும் இல்லை. இந்தியாவில் 2023-இல் ஃபிளிப்கார்ட் ஒரு வித்தியாசமான காரியம் செய்தது. போன்பே தனி நிறுவனமாகப் பிரிந்ததால் ஃபிளிப்கார்ட்டின் மதிப்பு குறைந்தது, ஆப்ஷன் வைத்திருந்தவர்களுக்கு அந்த இழப்பை ஈடுகட்டச் சுமார் 70 கோடி டாலர் கொடுத்தார்கள். கொடுக்க வேண்டிய சட்டக் கட்டாயம் இல்லாமலே கொடுத்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். அப்புறம் அந்தத் தொகைக்கு வரி உண்டா என்பதில் டெல்லி உயர் நீதிமன்றம் இல்லை என்றும் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி உண்டு என்றும் 2024-இல் தீர்ப்பளித்தார்கள். ஒரே நிறுவனம், ஒரே தொகை, ஊருக்கு ஊர் வேறு பதில்!

ஆஃபர் கையில் இருக்கும்போது என்ன செய்வது? ஒப்பிடுவதற்கு மட்டும் ஈசாப்பைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தை வைத்தே வாடகையும் இஎம்ஐயும் ஓடுமா என்று பாருங்கள். ஓடாது என்றால் ஈசாப் அதைச் சரிசெய்யாது. ஓடும் என்றால் அதன்பிறகு ஈசாப்பைப் பற்றிப் பேசுங்கள், அப்போது கூச்சப்படாமல் கேளுங்கள். எத்தனை ஆப்ஷன் என்பது தனியாக ஒன்றும் சொல்லாது, மொத்தப் பங்கு எத்தனை என்று கேட்க வேண்டும், 1 கோடியில் 4,800 என்பதும் 10 கோடியில் 4,800 என்பதும் பத்து மடங்கு வித்தியாசம். ஸ்ட்ரைக் விலை என்ன, மெர்ச்சன்ட் பேங்கர் கடைசியாக எப்போது மதிப்புப் போட்டார், இதுவரை எத்தனை முறை பைபேக் (நிறுவனமே ஊழியரிடமிருந்து பங்கை வாங்கிக்கொள்வது) நடந்தது, வேலையை விட்டால் எத்தனை நாள், நிறுவனம் விற்கப்பட்டால் வெஸ்ட் ஆகாதது என்ன ஆகும். முதலீட்டாளர் முன்னுரிமைத் தொகை எவ்வளவு என்றும் கேட்கலாம், பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள், ஆனால் மொத்தம் எவ்வளவு திரட்டினார்கள் என்பது செய்திகளில் கிடைக்கும், தோராயமாக அதுதான். ஆஃபர் லெட்டரைத் தவிர ஈசாப் திட்ட ஆவணம் என்று 30, 40 பக்கத்தில் ஒன்று இருக்கும், அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். 'ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டால் வெஸ்ட் ஆனவையும் ரத்து' என்ற வரி அதில்தான் இருக்கும். கேட்டால் தயங்குகிற நிறுவனம் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

இன்னொன்று, அமெரிக்காவில் பதிவான நிறுவனத்தின் பங்கு உங்கள் பெயரில் வந்துவிட்டால், இங்கே வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது வெளிநாட்டுச் சொத்துக்கான அட்டவணையில், ஷெட்யூல் எஃப்ஏ என்பார்கள், அதைக் காட்ட வேண்டும், விற்காவிட்டாலும் லாபமே இல்லாவிட்டாலும். விட்டுவிட்டால் கறுப்புப் பணச் சட்டத்தின் கீழ் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். அசையாச் சொத்து நீங்கலாக மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் கிடையாது என்று 2024 அக்டோபர் முதல் தளர்த்தியிருக்கிறார்கள், ஆனால் காட்ட வேண்டிய கடமை அப்படியேதான் இருக்கிறது. அந்த அட்டவணை மட்டும் ஏப்ரல்–மார்ச் கணக்கில் வராது, ஜனவரி–டிசம்பர் கணக்கு.